நெஞ்சுவலியோடு வருபவரின் முதல் ஒரு மணி நேரம்: அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டுக் கிடக்கிறது. அடைப்பு நீங்கும்வரை தசை செத்துக்கொண்டே இருக்கும். செத்தது திரும்ப வராது. மருந்து எழுதுவதும் குழாயைத் திறப்பதும் மருத்துவர் வேலை. ஆனால் ஆள் வாசலுக்கு வந்ததிலிருந்து மருத்துவர் ஈசிஜியைக் கையில் வாங்கும்வரை உள்ள நிமிடங்கள் செவிலியர் கையில் இருக்கின்றன. அவற்றைத் தின்பவை பெரும்பாலும் அற்பமான விஷயங்கள்: தீர்ந்துபோன ஈசிஜி தாள், தப்பான மணிக்கட்டில் போட்ட கேனுலா (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்), அணைக்க மறந்த ஒரு பட்டன். கீழே வரும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை. எதைக் கொடுத்தாலும் மருத்துவரின் உத்தரவும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும்தான் கடைசி வார்த்தை.

ஷிஃப்ட் தொடங்கியதும்

முதலில் டிஃபிப்ரிலேட்டரிடம் (நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் இயந்திரம்) போங்கள். பிளக் செருகியிருக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து, சோதனை ஷாக் கொடுத்து இயந்திரம் 'சரி' என்று காட்டுவதை உறுதிசெய்யுங்கள். ஒட்டும் பேடுகளின் உறை பிரியாமல் இருக்க வேண்டும். பிரிந்திருந்தால் ஜெல் காய்ந்துவிட்டிருக்கும், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் பயனில்லை. மார்பு முடியை மழிக்க ரேசர் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். சக்ஷனை ஓடவிட்டுக் குழாயை விரலால் அடைத்துப் பாருங்கள், இழுப்பு தெரியும். ஆம்பு பையோடு மாஸ்க் இணைந்திருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்ரினலின், அட்ரோபின், அமியோடரோன், அடினோசின், மெக்னீசியம், ஆஸ்பிரின் ஆகியவை கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரைகள் வெளிச்சமும் காற்றும் பட்டால் வீரியம் இழக்கும். அவற்றை அவற்றுக்குரிய கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வையுங்கள், சிறு பைகளில் பிரித்து வைக்காதீர்கள்.

யாரை மாரடைப்பு என்று நினைக்க வேண்டும்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வருபவரை யாரும் தவறவிடுவதில்லை. தவறுவது மற்றவர்களிடம். நீரிழிவு உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோரிடம் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, திடீர்ச் சோர்வு, தாடை வலி, மேல்வயிற்று எரிச்சல் என்று மட்டும் வரலாம். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டால் பலர் "வலி இல்லீங்க" என்பார்கள், உண்மையாகவே. "பாரமா இருக்கா? அழுத்துற மாதிரி, இறுக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், "ஆமா, கல்லை வச்ச மாதிரி" என்று பதில் வரும். "வெறும் வாயுதான்" என்று நோயாளியே தீர்ப்புச் சொன்னாலும் ஈசிஜி எடுத்த பிறகு அதை ஏற்கலாம்.

வலி தொடங்கிய நேரத்தை மணி, நிமிடத்தோடு கேட்டு எழுதுங்கள். ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதே அந்த எண்ணைப் பொறுத்தது. "காலையிலிருந்து" என்ற பதில் உதவாது. "பல் விளக்கும்போதா, குளிக்கும்போதா?" என்று அன்றாட வேலையோடு சேர்த்துக் கேட்டால் நேரம் பிடிபடும்.

ஈசிஜி: 10 நிமிடத்துக்குள், சரியான இடத்தில்

வந்த 10 நிமிடத்துக்குள் 12-லீட் ஈசிஜி (இதயத்தை 12 கோணங்களில் காட்டுவது) எடுக்கப்பட்டு, படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பதிவுச் சீட்டு, படுக்கை ஒதுக்கீடு எல்லாம் பிறகு. எடுத்த தாளை ஃபைலில் செருகிவிட்டு நகராதீர்கள்; மருத்துவர் கையில் கொடுத்து, அவர் பார்த்த நேரத்தை அதிலேயே எழுதி வாங்குங்கள்.

அதிகம் தவறுவது மார்பில் ஒட்டும் வி1, வி2 லீடுகளின் இடங்களில். கண்ணளவில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு விலா இடைவெளி மேலே போய்விடும். அப்போது இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோல அலைகள் மாறித் தெரியலாம். விரலால் எண்ணுங்கள். கழுத்துக் குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேலேயே கீழே இறக்கினால் சுமார் 5 செ.மீ. தள்ளி குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் ஒட்டுவது இரண்டாம் விலா. அதற்குக் கீழ் உள்ள பள்ளம் இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று இறங்குங்கள். நான்காம் இடைவெளியில் நெஞ்செலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்து வி4: ஐந்தாம் இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி5 அக்குளின் முன்மடிப்புக் கோட்டில், வி6 அக்குளின் நடுக்கோட்டில்; இரண்டும் வி4-இன் மட்டத்திலேயே, கிடைக்கோட்டில். விலா வளைவதைப் பின்பற்றி மேலே ஏறிவிடாதீர்கள். பெண்களுக்கு மார்பகத்தின் மேல் ஒட்டாமல், அதைப் புறங்கையால் மெல்ல உயர்த்தி அடியில் ஒட்டுவது வழக்கம். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கை, கால் ஒயர்களில் நிறத்தை நம்பாதீர்கள். உலகில் இரண்டு நிற முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் சிவப்பு வலது கைக்கு, மற்றதில் அதே சிவப்பு இடது காலுக்கு. ஒயரில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து மாட்டுங்கள். தாள் வந்ததும் முதல் பார்வை லீட் 1-க்கும் ஏவிஆருக்கும்: லீட் 1 முழுக்கத் தலைகீழாகவும் ஏவிஆர் நிமிர்ந்தும் இருந்தால், கை ஒயர்கள் இடம் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். மாற்றி மாட்டி மறுபடி எடுங்கள். வேகம் 25 மி.மீ., உயரம் 10 மி.மீ. என்று தாளின் ஓரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது பாதியாகக் குறைத்து வைத்திருந்தால் எஸ்டி (துடிப்பின் பெரிய அலைக்கு அடுத்து வரும் கோடு) உயர்வும் பாதியாகத்தான் தெரியும்.

லீட் 2, 3, ஏவிஎஃப் ஆகியவற்றில் எஸ்டி உயர்ந்திருந்தால் மருத்துவர் கேட்கும் முன்பே வலப்பக்க ஈசிஜிக்குத் தயாராகுங்கள்: வி4 ஒயரை அதே மட்டத்தில் வலது மார்புக்கு மாற்றி, தாளில் 'வி4ஆர்' என்று கையால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இயந்திரம் அதை வி4 என்றே அச்சிடும், அடுத்து பார்ப்பவர் ஏமாறுவார். வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்ந்திருந்தால் முதுகுப்பக்க லீடுகளான வி7, வி8, வி9 தேவைப்படலாம். முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் நேரத்தோடு 'வலி உள்ளது' அல்லது 'வலி இல்லை' என்றும் குறியுங்கள்.

அதே நேரத்தில் மற்ற கைகள்

ஈசிஜி ஓடும்போதே இன்னொருவர் மற்ற வேலைகளைத் தொடங்கலாம். நோயாளியை நடக்கவிடாதீர்கள், கழிவறைக்குக்கூட. தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, மானிட்டர், எட்டும் தூரத்தில் டிஃபிப்ரிலேட்டர். எஸ்டி உயர்வு தெரிந்துவிட்டால் பேடுகளை முன்கூட்டியே ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

ரத்த அழுத்தத்தை இரண்டு கைகளிலும் பாருங்கள். கிழிப்பதுபோல் முதுகுக்குப் போகும் வலியும், இரு கைகளுக்கிடையே 20-க்கு மேல் வித்தியாசமும் இருந்தால் பெருந்தமனி உட்சுவர் கிழிந்திருக்கலாம். அவருக்கு உறைவுக் கரைப்பு மருந்து உயிரையே எடுத்துவிடும். அளந்ததும் உரக்கச் சொல்லுங்கள்.

கேனுலா இரண்டு, முடிந்தால் 18 எண். முதலாவது இடது முன்கையில். வலது மணிக்கட்டைத் தொடாதீர்கள்: ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயின் அடைப்பைக் குழாய் விட்டுப் பார்த்துத் திறப்பது) செய்பவர் பெரும்பாலும் அந்தத் தமனி வழியாகத்தான் உள்ளே போவார். அங்கே குத்திக் கன்றிப்போய் வைத்திருந்தால் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறை) உங்களை நன்றாக நினைத்துக்கொள்வார்கள். ரத்த மாதிரியில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் புரதம்), பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த எண்ணிக்கை, உறைதல் பரிசோதனை. முதல் ட்ரோபோனின் சாதாரணமாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். தசை சேதமாகி அது ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். எஸ்டி உயர்வு தெளிவாக இருந்தால் முடிவுக்காகக் காத்திருப்பதே தவறு.

தசை ஊசி வேண்டாம். பின்னால் ரத்தக்கரைப்பு மருந்து போனால் குத்திய இடமெல்லாம் ரத்தம் கட்டும்.

முதல் மருந்துகள்

ஆஸ்பிரின் 300 மி.கி., மென்று விழுங்க வேண்டும். குடலில் கரையும் உறை போட்ட மாத்திரையை அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். உறையில்லாதது கிடைக்காவிட்டால் அதையே நன்றாகக் கடித்து மெல்லச் சொல்லுங்கள். ஒவ்வாமை உண்டா, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வுக்குப் பிறகு இந்த மலிவான மாத்திரையின் இடத்தை எதுவும் அசைக்கவில்லை. கூடவே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் உத்தரவு வரும். மாத்திரை கொடுத்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால், எவ்வளவு நேரம் கழித்து, மாத்திரை வெளியே தெரிந்ததா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் விஷயத்தில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. நெஞ்சுவலி என்றாலே மாஸ்க் மாட்டுவார்கள். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 90-க்குக் கீழ் இருந்தாலோ மூச்சு திணறினாலோதான் தேவை. 90-க்கு மேல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பலனில்லை என்பதை 2017-இல் வெளியான டிட்டோ2எக்ஸ் ஆய்வு காட்டியது.

நைட்ரோகிளிசரின் 0.4 அல்லது 0.5 மி.கி. நாக்குக்கு அடியில், 5 நிமிட இடைவெளியில், அதிகபட்சம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ரத்த அழுத்தம். மேல் அளவு 90-க்குக் கீழ் இருந்தால் இல்லை. வி4ஆர்-இல் எஸ்டி உயர்ந்திருந்தால் இல்லை: இதயத்தின் வலது அறை அடிபட்டவருக்கு உள்ளே வரும் ரத்தம்தான் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, இந்த மருந்து அதைக் குறைத்தால் அழுத்தம் சட்டென விழும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்கக் கூடாது. இந்தக் கேள்வியை மனைவி, மக்கள் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. அவர்களை ஒரு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு, "ஐயா, ஆண்மைக்காக ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா? இப்ப கொடுக்கிற மருந்தோட அது சேர்ந்தா ஆபத்து, அதனாலதான் கேக்கறேன்" என்று நேராகக் கேளுங்கள். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களும் இதே மருந்துகளை எடுக்கலாம்.

வலி அடங்காவிட்டால் மார்ஃபின் 2 முதல் 4 மி.கி., மெதுவாக நரம்பு வழியே. மூச்சின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதை முறிக்கும் நாலொக்சோன் பக்கத்தில் இருக்கட்டும். க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேர்வதை மார்ஃபின் தாமதப்படுத்தும் என்பதால் இப்போது அதை யோசித்தே எழுதுகிறார்கள்.

குழாயைத் திறக்க: ஆஞ்சியோவா, கரைப்பு மருந்தா

எஸ்டி உயர்வு மாரடைப்புக்கு கேத் லேப் இருக்கும் இடத்தில் வாசலிலிருந்து பலூன் (அடைப்பைத் திறப்பது) வரை 90 நிமிடம் என்பது இலக்கு. ஈசிஜி உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்து குழாயைத் திறக்க முடியாது என்றால், வலி தொடங்கி 12 மணி நேரம் ஆகாதவருக்கு உறைவைக் கரைக்கும் மருந்து, முடிவெடுத்த சில நிமிடங்களிலேயே.

கரைப்பு மருந்துக்கு முன் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருப்பது நல்லது: எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, கடந்த 3 மாதத்தில் பக்கவாதமோ தலையில் பலத்த அடியோ உண்டா, மூளையில் கட்டி உண்டா, இப்போது எங்காவது ரத்தம் போகிறதா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் நிற்கிறதா. எதற்காவது 'ஆம்' என்றால் நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

டெனெக்டிப்ளேஸ் எடைக்கு ஏற்ற ஒரே ஊசி: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., பிறகு ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மி.கி. கூட்டி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மி.கி. வயது 75-ஐத் தாண்டியவருக்குப் பாதி அளவே பல நெறிமுறைகளில் உள்ளது. எடையை ஊகிக்காமல் எடைகாட்டும் படுக்கையிலோ உறவினரிடம் கேட்டோ உறுதிசெய்யுங்கள். அந்த லைனில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தால் மருந்து திரிந்துவிடும். முன்னும் பின்னும் சலைனால் கழுவுங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில். குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும், உருட்டிக் கரையுங்கள். ஓடும்போது அழுத்தம் விழுவது சகஜம். வேகத்தைக் குறைத்து அல்லது நிறுத்தி, கால்களை உயர்த்தி, மருத்துவரை அழையுங்கள். முன்பு ஒருமுறை ஸ்ட்ரெப்டோகைனேஸ் வாங்கியவருக்கு மறுபடி அது வேண்டாம், உடலில் எதிர்ப்பு உருவாகியிருக்கும்.

சிறுநீர்க் குழாய், கூடுதல் கேனுலா எல்லாம் மருந்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தத்தோடு நாலு வார்த்தை பேசியும் பாருங்கள். புதிதாகத் தலைவலி, குழறல், தூக்கக் கலக்கம் தெரிந்தால் மூளையில் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொண்டு, ஓடும் கரைப்பு மருந்தையும், உறைதலைத் தடுக்கும் ஹெபாரினையும் நிறுத்தி உடனே கூப்பிடுங்கள். 60 முதல் 90 நிமிடத்துக்குள் மறுபடி ஈசிஜி: எஸ்டி உயர்வு பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, வலியும் போகவில்லை என்றால் ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். குழாய் திறந்த சமயத்தில் அகன்ற அலைகளோடு, அவ்வளவு வேகமில்லாத ஒரு துடிப்பு வந்து போகலாம். அழுத்தம் நன்றாக இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

மானிட்டர் அலறும்போது

முதலில் ஆளைப் பாருங்கள். பல் விளக்கும் கை ஆட்டம் மானிட்டரில் அபாயத் துடிப்பு போலவே தெரியும்; ஒயர் கழன்றால் நேர்கோடு வரும். ஆள் உங்களோடு பேசினால் ஒயரைச் சரிசெய்யுங்கள்.

பேச்சில்லை, நாடியில்லை என்றால் உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இடையிடையே வரும் இழுப்பு மூச்சை 'மூச்சு இருக்கிறது' என்று எண்ணிக் காத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். களைத்தவருக்குத் தன் அழுத்தம் ஆழம் குறைவது தெரியாது.

ஒரு பேடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். மார்பில் ஒட்டியிருக்கும் மருந்துப் பட்டையை உரித்து எடுங்கள், வேர்வையைத் துடையுங்கள், ஆக்சிஜனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஷாக் 120 முதல் 200 ஜூல், இயந்திரத்தில் எழுதியுள்ளபடி. சார்ஜ் ஏறும்போதும் அழுத்தம் நிற்க வேண்டாம். ஷாக் போனதும் நாடி தேடாமல் உடனே அழுத்தத்துக்குத் திரும்புங்கள். அட்ரினலின் 1 மி.கி. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்றாம் ஷாக்குக்குப் பின் அமியோடரோன் 300 மி.கி.

பட்டனை அழுத்தியும் ஷாக் போகவில்லையா? சிங்க் விளக்கு எரிகிறதா பாருங்கள். சிங்க் என்பது கியூஆர்எஸ் அலையோடு (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் பெரிய அலை) ஒத்திசைத்து ஷாக் கொடுப்பதற்கு. நாடி உள்ள வேகத் துடிப்புக்கு அது அவசியம். ஃபிப்ரிலேஷனில் (இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) அப்படி ஓர் அலையே இல்லாததால் இயந்திரம் தேடிக்கொண்டே நிற்கும். முந்தைய நோயாளிக்குப் பயன்படுத்தியவர் அதை அணைக்காமல் போயிருப்பார்.

மெதுவான துடிப்பு, வேகமான துடிப்பு

கீழ்ச்சுவர் மாரடைப்பில் துடிப்பு 40-க்கு இறங்கி, வேர்த்து, கண் இருட்டும். அட்ரோபின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. அகன்ற அலைகளோடு முழு அடைப்பு (இதயத்துக்குள் மின்சாரம் கடத்தும் பாதை முழுதும் தடைபடுவது) இருந்தால் அது பெரும்பாலும் வேலை செய்யாது, பேடு வழியாகப் பேஸிங் (மின்சாரத்தால் துடிக்க வைப்பது) தயார் செய்யுங்கள். மானிட்டரில் ஒவ்வொரு பேஸிங் கோட்டுக்குப் பின்னும் அகன்ற அலை வருகிறதா என்று பார்த்துவிட்டு, தொடை இடுக்கில் நாடி பிடியுங்கள். கழுத்தில் பிடித்தால் மின்சாரத்தால் துள்ளும் தசையை நாடி என்று நினைத்துவிடுவீர்கள். வலிக்கும் சிகிச்சை இது. மயக்க மருந்துக்கு உத்தரவு கேளுங்கள்.

குறுகிய அலைகளோடு ஒரே சீராக 180, 200 என்று ஓடினால், அழுத்தம் நன்றாக உள்ளவருக்கு முதலில் முக்கச் சொல்லலாம். பாதி சாய்ந்த நிலையில் 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் 15 நொடி ஊதச் சொல்லி, உடனே தலையைத் தட்டையாக்கிக் கால்களை 45 டிகிரி தூக்கி 15 நொடி பிடியுங்கள். 2015-இல் வெளியான ரிவெர்ட் ஆய்வில் இப்படிச் செய்தபோது 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியானது. கால் தூக்காமல் செய்தபோது 17 சதவீதம். அதற்கும் அடங்காவிட்டால் அடினோசின் 6 மி.கி., பிறகு 12 மி.கி. சில நொடிகளில் அழிந்துவிடும் மருந்து என்பதால் முழங்கை மடிப்பில் பெரிய நரம்பு வேண்டும். மருந்தைத் தள்ளிய கையோடு 20 மி.லி. சலைனையும் தள்ளிக் கையை உயர்த்துங்கள். ஈசிஜி தாள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். "சில நொடி நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், உடனே போயிடும்" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி செத்துவிட்டதாகவே நினைப்பார். ஆஸ்துமா உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

மூச்சிரைப்பும் குளிர்ந்த கைகளும்

நுரையீரலில் நீர் கோத்தவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கால்கள் தொங்கட்டும். சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு 40 மி.கி. மெதுவாக; அதிக அளவு கொடுக்கும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.-க்கு மேல் போனால் காது பாதிக்கப்படலாம். சிறுநீரை மணிக்கணக்கில் அளந்து எழுதுங்கள். சிபாப் மாஸ்க் (தொடர் அழுத்தத்தில் காற்று தருவது) 5 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கி 10 வரை. மூச்சுக்குத் தவிப்பவர் முகத்தில் திடீரென்று பட்டையை இறுக்கினால் பிய்த்தெறிவார். முதல் ஓரிரு நிமிடம் மாஸ்கைக் கையால் முகத்தோடு அணைத்துப் பிடித்திருங்கள். காற்று வருவது பழகியபின் பட்டை மாட்டலாம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும் மாஸ்க் ஆபத்து.

கை கால் சில்லிட்டு, அழுத்தம் 90-க்குக் கீழே, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.-க்கும் குறைந்து, பேச்சு தடுமாறினால் இதயம் பம்ப் செய்யத் தவறுகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும்போது அது நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தோல் கறுத்து அழுகும். கேனுலா போட்ட இடத்தைக் கட்டுத் துணியால் மூடாமல் கண்ணில் படும்படி வையுங்கள்.

வேறிடம் மாற்றும்போது

கேத் லேபுக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகும் வழிதான் துடிப்பு நின்றுபோக மிக மோசமான இடம். பேடுகள் ஒட்டிய டிஃபிப்ரிலேட்டர், சிலிண்டர், ஆம்பு பை, அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்ச், ஷாக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் லிஃப்ட் கதவைத் திறக்காதீர்கள். பம்ப் பேட்டரிகளைக் கிளம்பும் முன் பாருங்கள். ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை: வலி தொடங்கிய நேரம், வந்த நேரம், முதல் ஈசிஜி நேரம், என்ன மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு, ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இப்போது வலி 10-க்கு எத்தனை. முதல் ஈசிஜியின் அசல் தாள் நோயாளியோடு போகட்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும்.